எழுந்து போக விடாத கதை

கதை எழுதுகிறவன் இன்னொரு கதைசொல்லியை மனமாரப் புகழ்வது அபூர்வம். ஆனாலும், செய்தித் தொலைக்காட்சிகளில் வேலை பார்க்கும் நண்பர்களே, உங்களைப் புகழாமல் என்னால் இருக்க முடியவில்லை. இன்றைக்குத் தமிழில் கதை சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். நாவல்காரர்களோ சிறுகதைக்காரர்களோ உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. நாங்கள் எழுதியதைப் பாதியில் மூடி வைத்துவிட்டு வாசகர் அடுப்பைப் பார்க்கப் போகிறார், பிள்ளையைக் கூப்பிடப் போகிறார், அப்படியே தூங்கியும் போகிறார். உங்கள் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்து போவதில்லை.

யோசித்துத்தான் சொல்கிறேன். கதைக்கலை என்று மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தவை சில உண்டு. முதல் வரியிலேயே ஆளைப் பிடி. கேள்வியைப் போடு, பதிலைத் தள்ளிப் போடு. வில்லனை அடையாளம் காட்டு. சலிப்பு தட்டுவதற்கு முன்னால் முடி. எங்களில் பலர் இந்தப் பாடங்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டுகிறோம். உங்களுக்கு அவை கை வந்துவிட்டன. கல்கி வாராவாரம் அத்தியாயத்தை அறுத்து நிறுத்திய இடத்தில் தமிழ்நாடு ஏழு நாள் காத்திருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் அந்த ஏழு நாளை ஒரு விளம்பர இடைவேளைக்குள் அடக்கிவிட்டீர்கள்.

நடுக்காட்டுப்பட்டியை நினைத்துக்கொள்கிறேன். 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. மணப்பாறைக்குப் பக்கத்துச் சிற்றூர். கைவிடப்பட்டுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பிள்ளை விழுந்துவிட்டான். அன்றிரவே நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். 29ஆம் தேதி விடியற்காலையில், பிள்ளை உயிரோடு இல்லை என்று அதிகாரிகள் சொல்லும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நடுவில் தீபாவளி வந்து போனது. எத்தனையோ வீடுகளில் அந்தத் தீபாவளிக்குப் பட்டாசுக் கட்டைப் பிரிக்கவே இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பிள்ளைக்காகக் கோயிலிலும் மாதா சந்நிதியிலும் பள்ளிவாசலிலும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டார்கள். அவ்வளவு பேரை ஒரு பிள்ளையின் பக்கம் திருப்பியது உங்கள் சாதனை. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

கதை கட்டுவதில் நான் அங்கே கற்றது அதிகம். களம் ஒன்றே, கேள்வியும் ஒன்றே. பிள்ளை முதலில் சுமார் 26 அடியில் இருந்தான். கயிறு போட்டுக் கையைப் பிடிக்கப் பார்த்தார்கள். வழுக்கி 70 அடிக்குப் போனான். பிறகு 88. பக்கத்தில் குழி தோண்ட வந்த இயந்திரம் பாறையில் முட்டி நின்றது. அதைவிடப் பெரிய இயந்திரம் வருகிறது என்றீர்கள். அது எந்த ஊரைத் தாண்டியது என்பதையும் சொன்னீர்கள். எங்கள் தெருமுனை டீக்கடையில் உள்ளே நுழைகிறவர் பால் டீயா கட்டஞ்சாயாவா என்று சொல்வதற்கு முன்னால், "இப்ப எத்தன அடி?" என்றுதான் கேட்டார். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, திரையைப் பார்க்காமலே பதில் சொன்னார். கிணற்றுக்குள் இறக்கிய கேமராவில் அந்தச் சின்னக் கை தெரிந்தது. அதைத் திரும்பத் திரும்பக் காட்டினீர்கள். எங்கே பார்வையாளனின் நெஞ்சு அடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

தேர்ந்த கதைசொல்லிக்கு எதை விட வேண்டும் என்பதும் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் போர் போடுகின்றன. கூலி அடிக்கணக்கு. அறுநூறு அடி, எண்ணூறு அடி போயும் புகைதான் வருகிறது என்றால், நிலத்துக்காரர் கடனோடு நிற்கிறார். மேலே இறக்கிய கேசிங் பைப்புக்கு விலை உண்டு. அதை உருவி எடுத்தால் அடுத்த போருக்காவது ஆகும். பைப்பை உருவிய இடத்தில் ஒரு பிள்ளை இறங்குகிற அகலத்துக்கு ஓட்டை மிஞ்சுகிறது. சாக்கைப் போட்டு மேலே கல்லை வைத்தால் ஒரு மழை வரை தாங்கும். நிலத்தடி நீர் இறங்க இறங்க இந்த ஓட்டைகள் பெருகுகின்றன. போர் போட 15 நாளுக்கு முன்னால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும், கிணற்றைச் சுற்றி முள்வேலி போட வேண்டும், குழாய் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்டால் தரைமட்டம் வரை மண்ணைப் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. பிள்ளை விழுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால்!

இதையெல்லாம் நீங்கள் சொல்லாமல் இல்லை. சொன்னீர்கள், சுருக்கமாக. உடனே கிணற்றடிக்குத் திரும்பினீர்கள். அதுதான் சரியான கதைக்கட்டு. கேசிங் பைப்பின் விலை, ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டிய பதிவேடு, ஆய்வுக்குப் போக வேண்டிய அதிகாரி, இவற்றை நான் ஒரு சிறுகதைக்குள் கொண்டுவந்தால் என் ஆசிரியரே, 'தொய்வாக இருக்கிறது, வெட்டிவிடுங்கள்' என்பார். பிள்ளை எப்படி விழுந்தான் என்பது கதை. ஏன் விழ முடிந்தது என்பது தொய்வு. அந்த வேறுபாடு உங்களுக்கு அந்த நான்கு இரவுகளிலும் ஒரு நொடிகூட மறக்கவில்லை.

இதற்கு முன்னோடி 2006இல் நடந்தது. ஹரியானாவின் குருக்ஷேத்திரம் பக்கம் ஐந்து வயதுப் பையன் விழுந்தான். ஏறத்தாழ 50 மணி நேரம் நாடே பார்த்தது, பிள்ளை உயிரோடு மேலே வந்தான். அது சுபமாய் முடிந்தது, நடுக்காட்டுப்பட்டி சோகமாய் முடிந்தது. இரண்டிலும் கதை ஒன்றுதான். அடுத்த கிணற்றிலும் அதே கதையைச் சொல்லலாம். அந்த அளவுக்கு உறுதியான கட்டுமானம் அது.

உங்கள் துணிச்சலையும் சொல்ல வேண்டும். இழவு வீட்டு வாசலில் நிற்கும் தாயிடம் மைக்கை நீட்டி, 'இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கும்மா?' என்று கேட்க எனக்கு வாய் வராது. எங்கள் ஆட்கள் எல்லோருமே இந்த விஷயத்தில் மந்தமானவர்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதுவதற்கு ராஜம் கிருஷ்ணன் அந்தப் பாத்திக்காடுகளுக்கே போய், அந்த மக்களோடு பழகி, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். உப்பு நீரில் நின்று நின்று வெடித்த காலைப் பற்றிப் பேச ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நாள் பழக்கம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நீங்கள் அந்தப் பழக்கத்துக்கு நேரம் கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு மைக்குகள் ஒரே முகத்துக்கு முன்னால் வந்து நிற்கின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் சானல் பெயர் எழுதிய பெட்டி. அந்தப் பெட்டிகளுக்கு நடுவே அந்த அம்மாவின் வாயும் கண்ணும் மட்டும் தெரிகின்றன. கேள்வி முடிவதற்குள் அவர் அழுதுவிடுகிறார். நாவல்காரன் முந்நூறு பக்கம் நடந்து போய்ச் சேர்கிற இடத்துக்கு நீங்கள் முப்பது நொடியில் போய்விடுகிறீர்கள்.

பாத்திரப் படைப்பு இன்னொன்று. வில்லனை உருவாக்குவதுதான் கதையில் கடினமான வேலை. அவனுக்கும் ஒரு நியாயம் வேண்டும், ஒரு வீடு வேண்டும், அவன் அம்மா அவனுக்கு வைத்த செல்லப்பெயர் வேண்டும். இதையெல்லாம் தேடித்தேடி எங்கள் வில்லன்கள் பாதிக் கதையில் நல்லவர்களாகி விடுகிறார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மங்கலான சிசிடிவி காட்சி, அதில் ஒரு சிவப்பு வட்டம், ஓர் அம்புக்குறி, அடியில் தட்தட் என்று பின்னணி இசை. வட்டத்துக்குள் இருப்பவனைப் பார்த்த மாத்திரத்தில் நமக்குப் பிடிக்காமல் போகிறது. முதல் தகவல் அறிக்கையின் மை காய்வதற்குள் அவன் குணம், நடத்தை, நோக்கம் எல்லாம் முடிவாகிவிடுகின்றன. பிறகு நீதிமன்றம் அவனை விடுவித்தால் அது கீழே ஓடும் வரியில் ஓடி மறைகிறது. கதாபாத்திரம் மட்டும் பார்த்தவர் நெஞ்சில் நிலைத்துவிடுகிறது.

நல்ல ஆசானுக்கு மாணவர்கள் தாமாக உண்டாவார்கள். உங்கள் மாணவர்கள் இன்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது போன். 2018இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று ஊர் ஊராக இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றிய கதையை நான் ஒரு படைப்பாகவே எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்தந்த மாவட்டத்து ஊர்ப்பெயர்களைப் போட்டிருந்தார்கள். பதறிய குரலில் ஒரு பெண் பேசுவாள், நம் பக்கத்து வீட்டு அக்கா பேசுவது போலவே இருக்கும். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு காட்சியில், பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். அவர்களே திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, விழிப்புணர்வு அட்டையைக் காட்டுவதாகத்தான் அது முடியும். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள். எடிட்டிங் என்றால் இதுதான். ஒரே வெட்டில் அறிவுரை கொலைக்கதையாகிவிட்டது.

அந்த ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போனது. வழி தெரியவில்லை. அத்திமூரில் நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு, காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்து போனார். கூட வந்தவர்கள் ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அடித்தவர்கள் கதையை நம்பியவர்கள். அவ்வளவு முழுதாக நம்பினார்கள். இத்தனை ஆண்டு எழுதி நான் ஒரு வாசகரைக்கூட அப்படி நம்ப வைத்ததில்லை. என் கதையைப் படித்துவிட்டு யாரும் கல்லை எடுத்ததில்லை, கதவைத் தாழ் போட்டதில்லை, வாசலில் வழி கேட்ட வயதானவரைப் பார்த்து மிரண்டதில்லை. கதைக்கு இருக்கக்கூடிய ஆற்றலின் எல்லை எது என்று கேட்டால், நான் இனி எந்த இலக்கியத்தையும் காட்டப் போவதில்லை. அத்திமூரைத்தான் காட்ட வேண்டியிருக்கும். குலதெய்வக் கோயிலுக்குப் போன அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எழுதுகிற கை கூசுகிறது.

இரவு விவாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரையில் நான்கு கட்டம், நான்கு முகம். விஷயம் ரேஷன் அரிசியாக இருந்தாலும் ராக்கெட்டாக இருந்தாலும் அதே நான்கு பேர் என்பது நாடகக் கம்பெனி மரபு. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மாறாமல் கதை மட்டும் மாறும். விவரம் அறிந்தவர் ஒருவர் எப்போதாவது வந்து, 'இதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன' என்று ஆரம்பித்தால், நெறியாளர் நேரம் போதாததைச் சொல்லி ஒரே வரியில் பதில் கேட்கிறார். மூன்று காரணம் கதைக்கு ஆகாது. நெறியாளர் அதை உணர்ந்த கலைஞர்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் செய்தி சொன்னவருக்கு இந்தக் கலை சுத்தமாகத் தெரியாது. டெல்லியிலிருந்து ஆகாசவாணிச் செய்தி. வாசிப்பவர் சரோஜ் நாராயண்சுவாமி. தலைவர் ஒருவர் காலமானதையும் ரயில்வே பட்ஜெட்டையும் அவர் அதே கம்பீரத்தோடு சொன்னார். இசை கிடையாது. கேள்வி போட்டு இழுப்பது கிடையாது. யாரையும் வெறுக்கச் சொல்லித் தந்ததும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் முடித்துக்கொண்டு, யோசிக்கிற வேலையை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விடுவார். மாநிலச் செய்தி இன்னும் மோசம். அதில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு என் தாத்தா காது கொடுத்துக் கேட்டார். அதை வைத்து நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுவதா, பொறுப்பதா என்று முடிவு பண்ணினார். அதிலும் அடிக்கணக்குதான். ஆனால் நெஞ்சு படபடக்க அதில் எதுவும் இல்லை.

கதையை எங்கே முடிப்பது என்பதில் உங்களுக்கு இருக்கும் தெளிவைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கஜா புயலில் அதைப் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. முந்தின இரவே உங்கள் செய்தியாளர்கள் மழைக்கோட்டோடு கடற்கரையில் நின்றார்கள். காற்றில் அவர்கள் சாய்ந்ததும் பேச்சு அறுந்ததும் தத்ரூபமாக இருந்தன. விடிந்ததும் விழுந்த தென்னைகளைக் காட்டினீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, லட்சக்கணக்கில் மரங்கள். மேலேயிருந்து பறந்து எடுத்த காட்சிகளில் தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. சாய்ந்த மரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்த பெரியவரைக் காட்டினீர்கள். அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. சில நாட்களில் வேறு செய்தி வந்தது. நீங்கள் கிளம்பினீர்கள்.

அடுத்த கோடையில் பேராவூரணிக்குத் தெற்கே ஒரு தோப்புக்கு நான் போனேன். தோப்பு என்று சொல்ல அங்கே மிச்சம் அதிகம் இல்லை. வேலியோரம் மரத்துண்டுகள் குவிந்து கிடந்தன. செங்கல் சூளைக்குக்கூட ஏற்றிப் போக ஆளில்லை. மாவட்டம் முழுக்க மரம் விழுந்து கிடந்தால் மரத்துக்கு ஏது விலை? நடுவே இடுப்புயரத்துக்குப் புதுத் தென்னம்பிள்ளைகள். தோப்புக்காரருக்கு எழுபது வயதிருக்கும். கையில் நுனி வளைந்த இரும்புக் கம்பி வைத்திருந்தார். ஒரு பிள்ளையின் குருத்தை விலக்கி, மட்டை இடுக்கில் கம்பியைச் செருகி, மெல்லத் திருகி இழுத்தார். கறுப்பாக, தலையில் கொம்போடு, கட்டை விரல் பருமனுக்கு ஒரு வண்டு வந்தது. காண்டாமிருக வண்டு. அது தின்ற குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டிய விசிறி மாதிரி ஆகிவிடும். குருத்தின் அடியையே தின்றுவிட்டால் பிள்ளை செத்துப் போகும்.

"வாங்க தம்பி, இத நல்லாப் பாருங்க" என்று வண்டைக் கம்பியோடு காட்டினார். "டிவிக்காரங்க வந்தப்ப வுளுந்த மரத்தத்தான் எடுத்தாங்க. வுளுந்த மரம் அது பாட்டுக்குக் கெடக்கும். அது மக்குறப்ப உள்ளாற இது முட்டை வைக்கும். அதுல பொரிச்சதெல்லாம் இப்ப நிக்கிற பிள்ளைங்களத் திங்குது. போன மரம் போச்சு, இத யாரு வந்து எடுப்பா?"

மக்கும் மரத்தில் வண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறந்து வர மாதக்கணக்காகும். நெட்டைக் கன்று காய்க்க ஆறு ஏழு வருடம். மரத்தை அறுத்து அகற்றக் கொடுத்த 500 ரூபாய் ஆள் கூலிக்குப் போதவில்லை. அகற்றாத மரம் வண்டு வளர்த்தது. வண்டு கன்றைத் தின்றது. கன்று செத்த இடத்தில் மறுபடி கன்று வைக்க மறுபடி கடன். புயலை விடப் பெரிய சேதம் இப்படி மெதுவாகத்தான் நடக்கிறது. மெதுவாக நடப்பதைக் காட்டினால் பார்க்கிறவர் சானலை மாற்றிவிடுவார் என்று நீங்கள் கணித்து வைத்திருக்கிறீர்கள். கணிப்பு சரி. எழுபது வயது மனிதர் கம்பியால் குருத்தைக் கிளறுவதை எத்தனை மணி நேரம் நேரலையில் காட்ட முடியும்? அங்கே அதிர்ச்சி இல்லை, திருப்பம் இல்லை, பறந்து எடுக்கும் காட்சிக்கு வேலை இல்லை. அவரிடம் இருந்தது கவலை. கவலைக்கு நேரலை வராது.

இதைவிட மெதுவாக நகர்ந்தது வாச்சாத்தியின் கதை. அது தொடங்கியபோது தமிழில் ஒரு தனியார் தொலைக்காட்சிகூட இல்லை. 1992 ஜூன் 20. அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் இறங்கினார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், மக்களைச் சிறையில் அடைத்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். அவர்களில் பள்ளிக்கூடப் பருவத்துப் பெண்ணும் உண்டு. மலைவாழ் மக்கள் சங்கத்தார் வெளியே சொன்னார்கள், அரசு மறுத்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய் சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடு. 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. முப்பத்தோரு ஆண்டு ஆகிவிட்டது.

தீர்ப்பு வந்த அன்று நீங்கள் சொன்னீர்கள். நேர்த்தியாகவே சொன்னீர்கள்: அநீதி, போராட்டம், நீதி என்று மூன்றே கட்டத்தில் முடிந்தது. அப்படிச் சுருக்க எனக்குத் தெரியவில்லை. வீரப்பன் தேடுதல் வேட்டையில் சோளகர் பழங்குடி மக்கள் பட்டதை எழுதிய ச. பாலமுருகன் ஒரு வழக்கறிஞர். அந்த மக்களின் வழக்குகளோடும் முகாம்களின் சித்திரவதைக் கதைகளோடும் நெடுங்காலம் இருந்த பிறகுதான் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்தது. எங்கள் பக்கம் எல்லாம் இப்படித்தான், தாமதம். நீங்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். மிஞ்சுவது நிறைய இருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல். அந்த அளவுக்கு நீங்கள் தாராளமாக விட்டு வைக்கிறீர்கள்.

வாச்சாத்திக்கு நான் போகப் போகிறேன். அந்த அம்மாக்களிடம் கேட்க என்னிடம் இருக்கும் கேள்விகளில் ஒன்றுகூட உங்களுக்கு ஆகாது. வாய்தாவுக்கு எந்த பஸ்ஸில் போனீர்கள்? கோர்ட்டுக்குப் போன நாளில் கூலி போனது. அன்றைக்கு அடுப்பு எரிந்ததா? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா, உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்களா? அடையாள அணிவகுப்பில் அவனை விரல் நீட்டிக் காட்டிய மறுநாள் காட்டுக்கு விறகுக்குப் போக வேண்டியிருந்ததே, யாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்? கல்யாணம் பேச வந்தவர்களிடம் ஊர்ப்பெயரைச் சொல்ல முடிந்ததா? இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் இருந்ததே, அதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?